மூணா பிரிச்சு எழுதிக் கொடுங்க

ஒரே மாதம், ஒரே ஷோரூம், ஒரே மாடல். நிறம் மட்டும்தான் வேறு. எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர் வாங்கிய காருக்கும் நான் வாங்கிய காருக்கும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். கூடக் கொடுத்தது அவர். இரண்டு பேருடைய காகிதங்களையும் ஸ்டாஃப் ரூம் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. டிஸ்கவுண்ட் என்ற வரியில் எனக்கு 7,000, அவருக்கு 10,000. அதிகத் தள்ளுபடி வாங்கியவர்தான் அதிக விலையும் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இது என் மனசில் அடங்கவே மாட்டேன் என்கிறது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். "பேசத் தெரிஞ்சவங்க பேசி வாங்குறாங்க, தெரியாதவங்க கொடுத்துட்டு வராங்க. இதுல என்னங்க இருக்கு?" இதில் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை எழுதிப் பார்க்கத்தான் இது.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய நிலை வந்தபோதுதான் வண்டி வாங்கும் பேச்சே வீட்டில் எழுந்தது. முட்டி வலியோடு பஸ் படி ஏறி, கூட்டத்தில் நின்று, திரும்பி வருவதற்குள் அம்மா இரண்டு நாள் படுத்துவிடுவார். வாடகைக் காரை எத்தனை முறைதான் கூப்பிடுவது? என் சம்பளத்தில், என் பெயரில் ஒரு வண்டி. முதலில் பழைய வண்டியாகப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினோம்.

கன்சல்டிங் கடை வாசலில்

டெல்டாவில் பழைய வண்டி பார்க்கக் கிளம்பினால் ஆட்டோ கன்சல்டிங் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. திருவாரூர், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று எந்தப் பக்கம் போனாலும் தகரக் கொட்டகையும், கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்திய வண்டிகளும். "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு" என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. இந்த டாக்டர்களெல்லாம் எப்படித்தான் இத்தனை வண்டிகளை விற்கிறார்களோ என்று அம்மாவே கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பழைய வண்டி பார்க்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று, பி.ஒய்.02 என்று தொடங்கும் காரைக்கால் வண்டி. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் புதிதில் குறைந்த செலவில் ரோட்டுக்கு வந்த வண்டி அது. பழைய விலையும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தமிழ்நாட்டில் வைத்து ஓட்டப் போகிறோம் என்றால் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பரை மாற்றியாக வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவே சொல்கிறது. விலை பேசும்போது இந்தச் செலவைக் கடைக்காரர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார், நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தண்ணீரில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஊர் ஊராகப் போயின. நம் ஊர் வண்டிகளுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆபத்து உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை கோடாகத் தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தின் துருவையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அங்கே யாரும் கை வைப்பதில்லை.

எனக்கு வண்டிகளைவிடக் காகிதம்தான் பயமாக இருந்தது. ஒரு கடையில், ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். காட்டினார்கள். அந்தப் பெயருக்குரியவர் வண்டியை விற்று மூன்று கை மாறிவிட்டது. பெயர் மாற்றுவதற்கான பார்ம் 29-லும் 30-லும் வெறும் கையெழுத்து, வாங்குகிறவர் இடம் காலி. "நீங்க உங்க பேரை எழுதிக்கலாம் மேடம், ஒரு பிரச்சனையும் இல்ல." ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த முதல் ஓனர், தன் தலையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எங்கோ நிம்மதியாக இருக்கிறார். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், தங்களிடம் விற்பனைக்கு வந்த வண்டியைப் பற்றி போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு, கூட வந்த பெரியப்பாவிடம் பேச ஆரம்பித்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். புது வண்டியே பார்க்கலாம் என்று முடிவானது அந்தக் கடை வாசலில்தான்.

ஷோரூமில்

2025 செப்டம்பர் 22-ம் தேதி சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு அடுத்த மாதம், ஆயுத பூஜைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு தஞ்சாவூரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். நான், அம்மா, பெரியப்பா. பெரியப்பாவுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் கொஞ்சம் நிலம். குறுவை அறுத்துக் கொட்டிய கையோடு வந்திருந்தார். வாசலிலேயே ஒரு தம்பி ஓடி வந்து கும்பிட்டார். தண்ணீர், காபி, அம்மாவுக்கு உட்கார வசதியாக உயரமான நாற்காலி. எந்த ஊர் என்று விசாரித்ததில் தம்பிக்குக் கொரடாச்சேரிப் பக்கம். "அட, நம்ம ஊருப் புள்ள" என்று அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்த இடத்தில்தான் நம்மவர்களுக்கு வாய் அடைத்துப்போகிறது. சந்தையில் ஒரு கட்டு கீரைக்குப் பேசுகிற அம்மா, காபி கொடுத்து உட்காரவைத்த பிள்ளையிடம் ஒரு லட்சத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார். வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பது போல நம்மை உபசரிக்கும்போது கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. அந்தத் தம்பியின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. கடைசி வரை அவர் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அந்தக் காபிக்கும் உயரமான நாற்காலிக்கும் ஷோரூம் தெரிந்தேதான் இடம் வைத்திருக்கிறது.

தம்பி ஒரு தாளில் எழுதினார். மேலே வண்டியின் பெயர், நடுவில் பெரிதாக, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலை, கீழே "மொத்தச் சேமிப்பு 80,000" என்று சிவப்பு மையில் ஒரு வட்டம். என்னைப் பார்த்தவர் பெரியப்பாவைப் பார்த்து, "உங்களுக்காக மேனேஜர்கிட்ட சொல்லி இன்னும் ஏதாச்சும் வாங்கித் தரேங்க ஐயா" என்றார். பேரம் என்று ஊரில் நாம் சொல்வது இங்கிருந்துதான் தொடங்கும். எண்பதைத் தொண்ணூறாக்கு, தொண்ணூறை ஒரு லட்சமாக்கு. கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டால் ஜெயித்த மாதிரி.

பெரியப்பா அந்தத் தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கேட்டார். "தம்பி, இதுல கெவருமெண்டுக்குப் போறது எவ்வளவு, கம்பெனிக்குப் போறது எவ்வளவு, நீங்க வச்சுக்கிறது எவ்வளவு? மூணா பிரிச்சு எழுதிக் கொடுங்க."

அவருக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது. நெல் போட்டுப் பழகியவர். வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி மூட்டைக்கு நல்ல விலைதான் சொல்வான். ஈரம், பதர், சாக்கு, ஏத்துக்கூலி என்று கழித்துக் கழித்து, கடைசியில் கைக்கு வருவதைப் பார்த்தால் குறைந்த விலை சொன்னவனே மேல் என்று ஆகிவிடும். விலையைப் பேசாதே, கழிவைப் பேசு என்பது அவர் அறுபது வருஷமாக வயலில் படித்தது. அதைத்தான் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கேட்டார்.

தம்பி கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தார். முதல் இரண்டும் சீக்கிரம் நிரம்பிவிட்டன. மூன்றாவதில் பேனா தயங்கியது. எழுந்து உள்ளே போனார். மேனேஜர் வந்தார். பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவரைப் பார்த்தே விளக்க ஆரம்பித்தார். பெரியப்பா கையை நீட்டி என்னைக் காட்டினார். "வண்டி வாங்குறது எங்க பொண்ணு. சம்பளம் அதோடது. அதுகிட்டச் சொல்லுங்க." மேனேஜர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதுவரை அந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் ஒரு எண்ணைக்கூட நேராகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது கட்டம்

கட்டம் பிரித்ததும் முதலில் உதிர்ந்தது அந்தச் சிவப்பு வட்டம். எண்பதாயிரம் சேமிப்பில் எழுபதாயிரத்துச் சொச்சம் ஜி.எஸ்.டி. குறைந்ததால் வந்தது. ஆன்-ரோடு விலையில் அது ஏற்கனவே கழிந்துதான் இருந்தது. ஷோரூமின் பங்கு பத்தாயிரத்துக்கும் கீழே. அரசுக்குப் போகும் முதல் கட்டத்தில் பேச எதுவும் இல்லை: ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி, பதிவுக் கட்டணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள வண்டிக்கு ஆயுள் வரி 13 சதவீதம். யாராலும் குறைக்க முடியாது. பேச முடியாது என்றாலும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கட்டம் அது. பட்டுக்கோட்டையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு, "இன்னும் முப்பதாயிரம்தான் சார், அடுத்த மாடலுக்குப் போயிடலாம்" என்று ஆசை காட்டினார்கள். அவன் பார்த்தது ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம். முப்பதாயிரம் சேர்ந்தால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். தாண்டினால் வரி 18 சதவீதம். 1,28,700 கட்ட வேண்டியவன் 1,83,600 கட்ட வேண்டும். விற்பவரே வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் டி.சி.எஸ். ஒரு சதவீதம் தனி. அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகும்.

பேச்சுக்கு இடமிருந்தது மூன்றாவது கட்டத்தில் மட்டும். ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500. இது எதற்கு என்று கேட்டேன். குடோனிலிருந்து வண்டியைக் கொண்டு வருவது, கழுவுவது, ஆர்.டி.ஓ. வேலை என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி ஒரு கட்டணம் எங்கும் கிடையாது. விற்கிறவர் வண்டியைத் தயார் செய்து கொடுப்பது விற்பனையிலேயே அடங்கியது. அதைச் சொன்னேன். மேனேஜர் வாதாடவில்லை, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். இத்தனை சுலபமாக அடிக்க முடிகிற ஒன்றை, கேட்காத அத்தனை பேரிடமும் வாங்கிக்கொண்டிருக்கிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

இன்சூரன்ஸ் அடுத்தது. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது, இன்ஜின் 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரை என்றால் 10,640 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. யாரிடம் வாங்கினாலும் அதுதான். நம் வண்டிக்கான சேதக் காப்பீடு ஒரு வருடத்துக்கு; அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதே ஐ.டி.வி. (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஆட்-ஆன்களோடு (கூடுதல் பாதுகாப்புகள்) போனில் பார்த்தபோது 13,000 குறைவாக வந்தது. காட்டினேன். "நாங்களே அந்த ரேட்டுக்குத் தரோம்" என்றார். ஒன்றை மட்டும் நான் குறைக்கவில்லை: இன்ஜின் புரொடெக்ஷன். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வராது. வடவாற்றுக் கரையில் வீடு இருக்கிறவள் அதை விடக்கூடாது. எதை வெட்டுவது என்பதைப் போலவே எதை வெட்டக்கூடாது என்பதும் பேரத்தில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

ஆக்சஸரீஸ் என்று ஒரு பேக்கேஜ், அதோடு பெயின்டுக்கு மேல் ஒரு கோட்டிங். மிதியடியும் மட் ஃபிளாப்பும் போதும் என்றேன், 19,500 குறைந்தது. லோனை என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே போட்டுக்கொண்டேன். ஷோரூமில் "ஆறு சதவீதம்தான் மேடம்" என்றார்கள். அது ஃபிளாட் ரேட், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய தொகைக்கே கடைசி வரை வட்டி. ஐந்து வருடத்துக்கு ஆறு சதவீத ஃபிளாட் என்றால், அசல் குறையக் குறைய வட்டி போடும் வங்கிக் கணக்கில் ஏறக்குறைய பதினொரு சதவீதம். எல்லாம் முடிந்த பிறகு டிஸ்கவுண்ட் பற்றிக் கேட்டேன். "ஏற்கனவே இவ்வளவு குறைச்சிட்டோம், ஏழாயிரம்தான் முடியும்" என்றார். சரி என்றேன்.

கூட வர ஆள்

அறிவியல் டீச்சரின் தாளில் கட்டம் எதுவும் இல்லை. ஆன்-ரோடு விலை, அதிலிருந்து பத்தாயிரம் கழிவு, அவ்வளவுதான். அந்தப் பத்தாயிரத்தை அவரே கெஞ்சி வாங்கியிருக்கிறார். வாங்கியதில் அவருக்குச் சந்தோஷம்கூட. கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. பையன் வெளியூரில் படிக்கிறான். தனியாகத்தான் போனார். இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "உங்களுக்குப் பெரியப்பா வந்தாங்க டீச்சர். எனக்குக் கூட வர யாரு இருக்கா? ரொம்பக் கேட்டா, 'தனியா வந்த பொம்பள எவ்வளவு பேசுது பாரு'ன்னு நெனைப்பாங்களோன்னு இருந்துச்சு."

"பேசத் தெரியாதவங்க கொடுத்துட்டு வராங்க" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இந்த வரிதான். அவருக்குப் பேசத் தெரியும். பத்தாம் வகுப்புக்கு மின்னியல் நடத்துகிறவருக்கு ஒரு பில்லைப் படிக்கத் தெரியாதா? தாளில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தால் அவரே கேட்டிருப்பார். விலையைக் கட்டியாக ஒரே எண்ணாகக் கொடுத்துவிட்டு, உடைக்கத் தெரிந்தவன் உடைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அந்தக் கட்டியின் பாரம் போய் விழுவது தனியாக வருகிறவர் மேல், முதல் தடவை வாங்குகிறவர் மேல், ஷோரூம் கண்ணாடிக் கதவைத் தள்ளவே யோசித்து நிற்கிற ஆள் மேல். ஊரில் செல்வாக்கு உள்ளவர் கூட நாலு பேரோடு வருகிறார். அவருக்கு ஹேண்ட்லிங்கும் இல்லை, கோட்டிங்கும் இலவசம். அந்த இலவசத்துக்கு யாரோ ஒரு டீச்சர் பணம் கட்டியிருக்கிறார். இதைத் திறமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கொரடாச்சேரித் தம்பி மேலும் எனக்குக் கோபம் இல்லை. டெலிவரி அன்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார்: சம்பளம் குறைவு, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எத்தனை போட்டாரோ அதைப் பொறுத்துத்தான் மாதக் கடைசியில் இன்சென்டிவ். என் வண்டியில் அவருக்கு ஒன்றும் பெரிதாகத் தேறியிருக்காது. அது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் அவருடைய சம்பளத்தைக் கொடுக்க வேண்டியது ஷோரூம் முதலாளி. அதை அறிவியல் டீச்சரின் தலையில் கட்டிவிடுவதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

பெரியப்பா இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார். எல்லோருக்கும் ஒரே விலை என்று போர்டு மாட்டிவிட வேண்டும் என்றேன். "அப்புறம் வியாபாரம்னு எதுக்கு இருக்கு? பேசித்தான் வாங்கணும். பேசுறதுல ஒரு மனுசத்தனம் இருக்கு" என்றார். "பேச ஆளில்லாதவங்க என்ன பண்ணுவாங்க பெரியப்பா?" "ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகணும்." எத்தனை தடவை பேசினாலும் இங்கே வந்துதான் நிற்கிறது. அவர் வாழ்ந்த உலகத்தில் ஆள் இல்லாதவர் என்று ஒருவர் இருந்ததில்லையோ, இருந்தும் கண்ணில் பட்டதில்லையோ.

டீச்சரும் நானும் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்து, ஹேண்ட்லிங் சார்ஜ் பற்றிப் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். ரசீதில் அது தனி வரியாக இருப்பது நல்லதாகப் போயிற்று. பதில் இன்னும் வரவில்லை. சேதக் காப்பீட்டை அடுத்த வருடம் அவர் எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். க்ளெய்ம் இல்லாவிட்டால் அதில் 20 சதவீதம் கழிக்கும் நோ கிளெய்ம் போனஸும் அவர் கூடவே வரும். அந்தத் தேதியை என் போனிலும் குறித்து வைத்திருக்கிறேன்.

தை அறுவடைக்குப் பிறகு எங்கள் பள்ளி கணக்கு டீச்சர் வண்டி வாங்கப் போனார். மூன்று கட்டம் போட்ட வெற்றுத் தாளை நாங்களே எழுதிக் கொடுத்தனுப்பினோம். அதே தஞ்சாவூர் ஷோரூமில், "இந்த மாதிரியெல்லாம் பிரிச்சு எழுதித் தர்றதில்ல மேடம், மொத்தத்துல குறைச்சுத் தரோம்" என்றார்களாம். பதினைந்தாயிரம் வரை குறைக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். அவர் எழுந்து வந்துவிட்டார். கும்பகோணத்தில் ஒரு ஷோரூமில் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் தஞ்சாவூர்க்காரர்கள் கடைசியாகச் சொன்ன தொகையைவிட ஆயிரத்துச் சொச்சம் அதிகம்தான். தெரிந்தேதான் அங்கே புக் பண்ணினார். கூட யாரையும் அழைத்துப் போகவில்லை.